நிரல் தவறான நினைவக இடத்தைத் தொடும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஓர் அணியின் (ஒரே வகை மதிப்புகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பின்) உறுப்பை எடுக்க நாம் எழுதும் வரியில் அணியின் பெயரும் சுட்டெண்ணும் இருக்கின்றன. ஆனால் செயலிக்கு அணி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஒரு முகவரியும், அங்கிருந்து எத்தனை பைட்டுகளைப் படிப்பது அல்லது எழுதுவது என்பதும் மட்டுமே. முழு எண்களின் அணி ஒன்று 4000 என்ற முகவரியில் தொடங்குகிறது என்றும், ஒவ்வோர் எண்ணும் 4 பைட் எடுத்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொண்டால், சுட்டெண் 7 உடைய உறுப்பு 4000 + 7 × 4, அதாவது 4028 இல் இருக்கும். எண்ணிக்கை 0 இல் தொடங்குவதால் அது எட்டாவது உறுப்பு. தொடக்க முகவரி, சுட்டெண், உறுப்பின் அளவு ஆகிய மூன்றோடு, கணக்கில் எழுதப்படாத நான்காவது நிபந்தனை ஒன்றும் உண்டு: கிடைத்த இடம் அந்த நேரத்தில் நமக்கு உரியதாக இருக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்று பிசகியதால் வருபவை. நிரல் நின்ற வரியும் பிழை நிகழ்ந்த வரியும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பதுதான் இவ்வகைப் பிழைகளைக் கடினமாக்குகிறது. ஆகவே நின்ற வரியைத் திருத்தத் தொடங்குவதற்கு முன், நான்கில் எது பிசகியது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். சி, சி++ நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும், நிரல் ஓடும்போதே தவறான நினைவகத் தொடுதலைக் கண்டு சொல்லும் அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி உள்ளது. அதையும், வரி எண்களை நிரலோடு சேர்த்து வைக்கும் டீபக் தகவலையும் இயக்கி, நிரலை மறுபடி கம்பைல் செய்து, பிழை தந்த அதே தரவைக் கொடுத்து ஓட்டுங்கள். நிரல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும். ஆனால் எல்லை தாண்டிய வரி எது, அந்த இடம் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது என்ற மூன்றையும் அது சொல்லிவிடும். மூல நிரல் கையில் இல்லாதபோது, கம்பைல் செய்த நிரலையே சோதிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி உதவும். அதில் வேகம் பல மடங்கு குறையும் என்பதால் தரவைச் சிறிதாக்கிக்கொள்வது நல்லது. சானிடைசர் ஒன்றும் சொல்லவில்லை என்பதாலேயே நிரல் சரியானது என்று முடிவு செய்துவிடக் கூடாது. பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரே ஸ்ட்ரக்சருக்குள் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்குள் வழிந்து எழுதுவது அதன் கண்ணில் படுவதில்லை.

அறிகுறி: செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற செய்தியுடன் நிரல் நின்றுவிடுகிறது

லினக்ஸில் இப்படி நின்ற நிரலின் வெளியேற்ற எண்ணை ஷெல்லில் பார்த்தால் 139 என்று இருக்கும். அது 128 உடன் 11 ஐக் கூட்டிய எண். 11 என்பது இந்தப் பிழைக்கான சிக்னலின் எண். நிரலுக்கு அனுமதி இல்லாத பக்கத்தை (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் துண்டை) அது தொட முயன்றது என்பதே இதன் பொருள். இப்போது பார்க்க வேண்டியது எந்த வரி என்பதைவிட எந்த முகவரி என்பதையே. ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கரும், சானிடைசரும் அதைக் காட்டும். அந்த எண்ணின் தோற்றமே காரணத்தில் பாதியைச் சொல்லிவிடும்.

முகவரி மிகச் சிறிய எண்ணாக, 8, 16, 24 என்பதுபோல் இருந்தால், வெற்றுப் பாயிண்டரைக் (எந்த இடத்தையும் குறிக்காத முகவரி மாறியைக்) கொண்டு ஒரு ஸ்ட்ரக்சரின் உறுப்பை எடுக்க முயன்றிருக்கிறோம். இதை அருகில் சென்று பார்ப்போம். இணைப்புப் பட்டியல் ஒன்றின் கணுவில், 64 பிட் கணினியில், முதலில் பெயருக்கான பாயிண்டர் 8 பைட், பிறகு எண்ணிக்கைக்கு 4 பைட், பிறகு எடைக்கான பதின்ம எண் 8 பைட், கடைசியாக அடுத்த கணுவுக்கான பாயிண்டர் 8 பைட் இருப்பதாகக் கொள்வோம். பெயர் 0 இல் தொடங்கும்; எண்ணிக்கை 8 இல் தொடங்கும். எடை 12 இல் தொடங்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் 8 பைட் எண் 8 இன் மடங்கில் அமைய வேண்டும் என்பதால் கம்பைலர் 4 பைட்டுகளை வெற்றிடமாக விட்டு, எடையை 16 இல் வைக்கும். ஆகவே அடுத்த கணுவின் பாயிண்டர் 24 இல் வரும். பிழை முகவரி 24 என்றால், கணுவே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அடுத்த கணுவைக் கேட்டிருக்கிறோம் என்பது, ஒரு வரியையும் படிக்காமலே தெரிந்துவிடுகிறது. பிழை முகவரி 16 ஆக இருந்திருந்தால் எடையைக் கேட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் பலரும் செய்யும் திருத்தம், அந்த வரிக்கு முன்னால் பாயிண்டர் வெற்றா என்று ஒரு சோதனையைச் சேர்ப்பது. நிரல் நிற்காது, பிழையோ அங்கேயே இருக்கும். வெற்றுப் பாயிண்டர் அங்கே எப்படி வந்தது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும்: தேடும் ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று சொன்னதை யாரும் பார்க்கவில்லையா, நினைவக ஒதுக்கீடு தோல்வியடைந்ததா, லூப்பின் நிறுத்த நிபந்தனை ஒரு கணு தாமதமாகச் சோதிக்கப்படுகிறதா? வெற்றுக் குறிப்பை 1965 இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக வடிவமைத்த டோனி ஹோர், பிற்காலத்தில் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றே சொன்னார்.

முகவரி 0 என்று காட்டப்பட்டாலும் பாயிண்டர் வெற்றாக இல்லாத ஒரு நிலையும் உண்டு; இது பலரை ஏமாற்றியிருக்கிறது. எக்ஸ்86 வகை 64 பிட் செயலிகளில் சாதாரணமாக முகவரியின் 48 பிட்டுகளே பயன்படுகின்றன. மேல் பிட்டுகளில் குப்பை இருந்தால் அது செல்லாத வடிவமாகக் கொள்ளப்பட்டு வேறு வகைப் பிழை எழும். அப்போது லினக்ஸ் பிழை முகவரியாக 0 ஐயே தருகிறது. ஆகவே டீபக்கரில் பாயிண்டரின் மதிப்பை நேரடியாகவும் அச்சிட்டுப் பாருங்கள். அது பெரிய எண்ணாக இருந்தால் தனித்தனி பைட்டுகளாகப் பிரியுங்கள். பல பைட்டுகள் 97 முதல் 122 வரைக்குள் விழுந்தால் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகள். ஏதோ ஓர் எழுத்துச் சரம் தன் எல்லையைத் தாண்டி இந்தப் பாயிண்டரின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் எந்தச் சரம் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஃபங்ஷனுக்குள் நுழைந்த உடனேயே, முதல் வரி ஓடும் முன்பே நிரல் நின்றால், ஃபங்ஷன்களின் உள்மாறிகள் இருக்கும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியைச் சந்தேகியுங்கள். லினக்ஸில் வழக்கமான ஸ்டாக் எல்லை 8 மெகாபைட். விண்டோஸில் 1 மெகாபைட். 1500 வரிசை, 1500 நெடுவரிசை கொண்ட 8 பைட் எண்களின் அணியை உள்மாறியாக அறிவித்தால் அது மட்டுமே 1,80,00,000 பைட் கேட்கும். அதை, கேட்கும்போது இடம் ஒதுக்கித் தரும் ஹீப் என்ற பகுதிக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும். முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் ஃபங்ஷனும் இதே அறிகுறியைத் தரும்; ஆனால் அப்போது டீபக்கரின் அழைப்புப் பட்டியலில் ஒரே பெயர் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும்.

அறிகுறி: நிரல் நிற்கவில்லை, ஆனால் நாம் தொடாத மாறியின் மதிப்பு மாறிவிடுகிறது

இதுதான் இவற்றில் மிகவும் தொல்லையானது. செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் அதை நல்வாய்ப்பாகவே கருத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இயங்குதளம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத்தான் காவல் காக்கிறது; வழக்கமான பக்கத்தின் அளவு 4096 பைட். பக்கத்துக்குள்ளேயே ஓர் அணியிலிருந்து அடுத்த மாறிக்கு வழிந்து எழுதினால் தடுக்க யாரும் இல்லை.

பத்து முழு எண்கள் கொண்ட அணி 4000 இல் தொடங்குகிறது. அது 4039 வரை நீள்கிறது. 4040 இல் வேறொரு மாறி இருக்கிறது. லூப்பின் நிபந்தனையில் 10 ஐவிடச் சிறியது என்பதற்குப் பதில் 10 ஐவிடச் சிறியது அல்லது சமம் என்று எழுதிவிட்டோம். அணி[10] என்பதன் முகவரி 4000 + 10 × 4 = 4040. அணி முழுவதையும் 0 ஆக்கும் லூப், அந்த மாறியையும் 0 ஆக்கிவிடும். அந்த மாறியே லூப்பின் எண்ணியாக அமைந்துவிட்டால், அது 10 ஐத் தொடும்போதெல்லாம் 0 ஆகி, லூப் முடிவே இல்லாமல் சுற்றும். நிரல் தொங்கி நிற்கிறது என்று புகார் வரும்; யாரும் அதை நினைவகப் பிழை என்று நினைக்க மாட்டார்கள்.

இதைப் பிடிப்பதற்கு டீபக்கரின் வாட்ச்பாயிண்ட் இருக்கிறது. மாறியின் மதிப்பு இன்னும் சரியாக இருக்கும் கட்டத்தில் நிரலை நிறுத்தி, அந்த மாறியின் முகவரியின் மேல் வாட்ச்பாயிண்ட் வைத்து, மறுபடி ஓட விடுங்கள். அந்த இடத்தில் யார் எழுதினாலும் செயலியே நிறுத்திக் காட்டும். எக்ஸ்86 செயலியில் இதற்கென நான்கு பதிவகங்களே உள்ளன. ஆகவே சந்தேகத்துக்குரிய எல்லா இடங்களிலும் வைக்க முடியாது, தேர்ந்தெடுத்தே வைக்க வேண்டும்.

அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்ததும் பிழை மறைந்துவிடுகிறது என்றாலோ, டீபக்கருக்குள் ஓட்டினால் வருவதே இல்லை என்றாலோ, குழம்ப வேண்டாம். அதுவே ஒரு தடயம். புதிய வரியால் மாறிகளின் இட அமைப்பு மாறி, எல்லை தாண்டி எழுதப்படுவது இப்போது யாருக்கும் தேவையில்லாத இடத்தில் விழுகிறது. ஜிடிபி என்ற டீபக்கர், லினக்ஸில் முகவரிகளைக் கலைத்துப் போடும் பாதுகாப்பை இயல்பாகவே அணைத்துவிடுகிறது. அங்கும் அமைப்பு வேறாகிவிடுகிறது. இப்படி மறைந்த பிழையைத் தீர்ந்த பிழையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுத்துச் சரங்களில் இதே பிழை இன்னும் எளிதாக நுழையும். சி மொழியில் சரத்தின் முடிவைக் குறிக்க ஒரு 0 பைட் வேண்டும். ஐந்து பைட் சரத்துக்கு ஆறு பைட் இடம் தேவை. தமிழில் எழுதுவோர் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ் என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஆக 15 பைட், முடிவுக் குறியையும் சேர்த்தால் 16. எழுத்துகளை எண்ணி இடம் ஒதுக்கிய நிரல், ஆங்கிலப் பெயர்களோடு குறையின்றி ஓடி, தமிழ்ப் பெயர் வந்த அன்று பக்கத்து மாறியைக் கெடுக்கும். இடத்தை எப்போதும் பைட்டில்தான் கணக்கிட வேண்டும்.

எல்லை தாண்டி எழுதாமல் படிக்க மட்டும் செய்தால் எந்த மாறியும் கெடாது. அதனால் அறிகுறியே இருக்காது. 2014 இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை அப்படிப்பட்டது. வலைத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகம், மறுமுனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை பக்கத்து நினைவகத்தை வெளியே அனுப்பியது. இத்தகைய பிழையைச் சானிடைசர் இல்லாமல் சோதனையில் பிடிப்பது மிகக் கடினம்.

அறிகுறி: முதலில் சரியான மதிப்பு, பிறகு குப்பை

நான்காவது நிபந்தனை இங்கே மீறப்படுகிறது. முகவரிக் கணக்கில் தவறில்லை; அந்த இடம் இப்போது நமக்கு உரியதல்ல.

ஃபங்ஷனின் உள்மாறியின் முகவரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அதன் ஸ்டாக் பகுதி அடுத்த அழைப்புக்குப் போய்விடும். அடுத்த அழைப்பு வரும் வரை பழைய மதிப்பு அங்கேயே கிடப்பதால், முதல் முறை படித்தால் சரியாக இருப்பதுபோல் தோன்றும். அடுத்து, விடுவித்த இடத்தை மறுபடி பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். விடுவித்த உடன் பாயிண்டரை வெற்றாக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் அதே முகவரியின் நகல் வேறொரு ஸ்ட்ரக்சரில் இருந்தால் அது வெற்றாகாது.

மூன்றாவது காரணம் நல்ல அனுபவம் உள்ளவர்களையும் தவறச் செய்வது. தேவைக்கேற்ப வளரும் அணியான சி++ வெக்டரின் முதல் உறுப்பின் முகவரியை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு புதிய உறுப்புகளைச் சேர்க்கிறோம். ஒதுக்கிய இடம் நிறைந்ததும் வெக்டர் பெரிய இடம் ஒன்றைப் பிடித்து, எல்லாவற்றையும் அங்கே நகர்த்திவிட்டுப் பழைய இடத்தை விடுவிக்கும். நம் கையில் இருப்பது காலி செய்த வீட்டின் முகவரி. இடம் நிறையாத வரை எல்லாம் சரியாக ஓடுவதால் சிறிய சோதனைத் தரவில் இது தெரியாது. ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் சி மொழியின் ரீஅலாக் ஃபங்ஷனிலும் இதே நிலைதான். தீர்வு, வளரும் அணிகளில் முகவரியை வைத்துக்கொள்ளாமல் சுட்டெண்ணை வைத்துக்கொள்வது. தேவைப்படும் ஒவ்வொரு முறையும் தொடக்க முகவரியிலிருந்து மறுபடி கணக்கிடப்படும்.

குப்பை எண்ணையும் படித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ டீபக் நிலையில் வேண்டுமென்றே அடையாள மதிப்புகளை நிரப்பி வைக்கிறது. 4 பைட் முழு எண்ணாக -858993460 தெரிந்தால் அது தொடக்க மதிப்பு தரப்படாத ஸ்டாக் மாறி. -842150451 என்றால் தொடக்க மதிப்பு தரப்படாத ஹீப் இடம். -572662307 என்றால் விடுவிக்கப்பட்ட ஹீப் இடம்.

நினைவகத்தை விடுவிக்கும் வரியில் நிரல் நின்று, வெளியேற்ற எண் 134 என்று வந்தால், ஹீப்பின் கணக்குப் பகுதி சிதைந்திருப்பதை நூலகமே கண்டு நிறுத்தியிருக்கிறது. ஒரே இடத்தை இருமுறை விடுவித்திருக்கலாம். லூப்பில் முன்னோக்கி நகர்த்திய பாயிண்டரையே விடுவிக்கக் கொடுத்திருக்கலாம். அல்லது எப்போதோ அணியின் எல்லை தாண்டி எழுதியது இப்போது வெளிப்பட்டிருக்கலாம்.

அறிகுறி: எத்தனை உறுப்புகள் இருந்தாலும் முதல் இரண்டு மட்டுமே கையாளப்படுகின்றன

காரணம் ஒன்றே. அணியைச் சி ஃபங்ஷனுக்கு அனுப்பினால் அதன் தொடக்க முகவரி மட்டுமே போகிறது, நீளம் போவதில்லை. ஃபங்ஷனுக்குள் சைஸ்ஆஃப் கொண்டு அளந்தால் பாயிண்டரின் அளவான 8 கிடைக்கும். அதை உறுப்பின் அளவான 4 ஆல் வகுத்தால் 2. நீளத்தைத் தனி அளவுருவாக அனுப்புங்கள்.

அறிகுறி: உறுப்புகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கிறது

பாயிண்டரோடு எண்ணைக் கூட்டும்போது உறுப்பின் அளவால் பெருக்குவதைக் கம்பைலரே செய்துவிடுகிறது. நாமும் பெருக்கினால் 4 பைட் எண்களில் ஒவ்வொரு நகர்வும் 16 பைட் ஆகிவிடும். 0, 4, 8 என்ற சுட்டெண்களே கிடைக்கும்.

அறிகுறி: சிறிய தரவில் சரி, பெரிய தரவில் மட்டும் விழுகிறது

ஸ்டாக் எல்லையையும் வெக்டர் இடம்பெயர்தலையும் ஒதுக்கிவிட்ட பிறகு, சுட்டெண்ணைக் கணக்கிடும் பெருக்கலைப் பாருங்கள். இரட்டைப் பரிமாண அணியை ஒரே நீள அணியாக வைத்திருக்கும்போது சுட்டெண் என்பது வரிசை எண் × நெடுவரிசைகளின் எண்ணிக்கை + நெடுவரிசை எண். குறியுள்ள 32 பிட் எண்ணில் கொள்ளும் பெரிய மதிப்பு 2147483647. 46340 வரிசை, 46340 நெடுவரிசை கொண்ட சதுர அணி இதற்குள் அடங்கும்; 46341 அடங்காது. 50000 ஐ 50000 ஆல் பெருக்கினால் 250 கோடி வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் -1794967296 கிடைக்கும். அந்தச் சுட்டெண் அணியின் தொடக்கத்துக்கு வெகு முன்னால் போய் நிற்கும். விடையை 64 பிட் மாறியில் வாங்கினால் மட்டும் போதாது. பெருக்கலே 32 பிட்டில் நடந்து முடிந்துவிடும். பெருக்கப்படும் எண்களில் ஒன்றையாவது பெருக்கும் முன்பே 64 பிட்டாக மாற்ற வேண்டும்.

குறியில்லாத எண்ணைக் கொண்டு இறங்கு வரிசையில் செல்லும் லூப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எண்ணி 0 ஆகி அதிலிருந்து 1 கழிந்தால் -1 வராது. 32 பிட்டில் 4294967295 வரும். 0 அல்லது அதற்கு மேல் என்ற நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும்.

அறிகுறி: கோப்பிலோ வலையமைப்பிலோ வந்த தரவில் எண்கள் விசித்திரமாக உள்ளன

1 என்பது 16777216 ஆகவும், 256 என்பது 65536 ஆகவும் தெரிந்தால் பைட்டுகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. அனுப்பிய பக்கமும் பெற்ற பக்கமும் எந்த பைட்டை முதலில் வைப்பது என்பதில் மாறுபடுகின்றன. முதல் சில புலங்கள் சரியாக இருந்து அதன்பின் எல்லாமே நகர்ந்திருந்தால் ஸ்ட்ரக்சருக்குள் கம்பைலர் விட்ட வெற்றிடமே காரணம். 1 பைட் எழுத்து, 4 பைட் எண், 1 பைட் எழுத்து என்று அறிவித்தால் கூட்டுத்தொகை 6. ஆனால் நினைவகத்தில் அது வழக்கமாக 12 பைட். எண்ணை முதலில் வைத்தால் 8 ஆகக் குறையும். ஸ்ட்ரக்சரை அப்படியே கோப்பில் கொட்டாமல், புலம் புலமாக, முடிவு செய்த பைட் வரிசையில் எழுதுவதே நிலையான தீர்வு.

அறிகுறி: விடை சரி, ஆனால் எதிர்பாராத அளவுக்கு மெதுவாக ஓடுகிறது

சி மொழி அணியை வரிசை வரிசையாக அடுக்குகிறது. ஃபோர்ட்ரான் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்குகிறது. பெரும்பாலான இன்றைய செயலிகள் நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 பைட்டாகக் கேஷ் என்ற வேகமான சிறு நினைவகத்துக்குள் கொண்டுவருகின்றன. 4 பைட் எண்கள் என்றால் 16. சி நிரலில் உள்லூப் நெடுவரிசை வழியே இறங்கினால், பெரிய அணியில் அந்த 16 இல் ஒன்றை மட்டும் பயன்படுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறோம். இரண்டு லூப்களையும் இடம் மாற்றி அளந்து பாருங்கள். வேறெதையும் தொட வேண்டியிருக்காது.

அறிகுறி: பைத்தானில் ஒரு வரிசையை மாற்றினால் எல்லா வரிசைகளும் மாறுகின்றன

எல்லை தாண்டினால் பைத்தான் பிழை சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் சரியே; ஆனால் முகவரி தொடர்பான குழப்பம் அங்கும் உண்டு. மூன்று பூச்சியங்கள் கொண்ட பட்டியலை உருவாக்கி, அதை வெளிப்பட்டியலில் இட்டு மூன்றால் பெருக்கினால், மூன்று வரிசைகள் உருவாவதில்லை. ஒரே வரிசையின் முகவரி மூன்று முறை எழுதப்படுகிறது. ஐடி என்ற உள்ளமைந்த ஃபங்ஷனால் ஒவ்வொரு வரிசையையும் சோதித்தால் ஒரே எண் மூன்று முறை வரும். ஒவ்வொரு வரிசையையும் லூப்பிற்குள் புதிதாக உருவாக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். மூன்று வெவ்வேறு எண்கள் வர வேண்டும். சுட்டெண் கணக்கில் தவறி -1 வந்தால் பைத்தான் பிழை சொல்லாமல் கடைசி உறுப்பைத் தந்துவிடும் என்பதால், விடையில் கடைசி உறுப்பின் மதிப்பு தொடர்பில்லாத இடத்தில் தலைகாட்டினால் கழித்தல் நடக்கும் வரிகளை முதலில் பாருங்கள்.